உங்களுக்குத் தெரியுமா? அன்றன்றைக்கு ஒரு வசனம்

விடிந்ததும் ஒரு வசனம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம், கூடத்துச் சுவரில் வசனக் காலண்டர். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இவையெல்லாம் பழகிப்போன காட்சிகள். வேதத்தை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துத் தியானிக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் அகதிகளும், சமையல்காரர்களும், கைம்பெண்களும், கைதிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சில துணுக்குகள்.

வீடு வீடாக வந்த வசனம்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அந்த ஆண்டுக்கு என்ன வசனம் என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்கிறோம். இதே போல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் தரும் வழக்கம் ஜெர்மனியின் சாக்ஸனியில் இருக்கும் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் தொடங்கியது. மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்டு மொராவியாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு, ஸின்ஸென்டார்ஃப் என்ற பிரபு 1722-இல் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அப்படி உருவான ஊர் அது. 1728 மே 3 அன்று மாலைக் கூட்டத்தில், மறுநாள் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்ள அவர் ஒரு வாசகம் சொன்னார். விடிந்ததும் சகோதரர்கள் அங்கிருந்த 32 வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். வசனம் சொல்லப் போகிறவர் அப்படியே வீட்டார் நலமும் விசாரித்து வருவார். 1731-ஆம் ஆண்டுக்கு அது முதன்முதலாக நூலாக அச்சானது. அன்று முதல் இன்றுவரை ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

கிண்ணத்தில் 1,824 சீட்டுகள்

அந்த நூலின் பெயர் 'லோஸுங்கன்'. அதில் நாள்தோறும் இரண்டு வசனங்கள் இருக்கும். பழைய ஏற்பாட்டு வசனத்தை ஹெர்ன்ஹூட்டில் இன்றும் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். கிண்ணத்தில் 1,824 வசனங்களுக்குச் சீட்டு இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிடுவதால், மொழிபெயர்க்கவும் அச்சிடவும் அவகாசம் கிடைக்கிறது. புதிய ஏற்பாட்டு வசனத்துக்குச் சீட்டு கிடையாது. முதல் வசனத்தோடு பொருந்துகிற ஒன்றை ஆள் வைத்துத் தேடிச் சேர்க்கிறார்கள். 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் இந்நூல் வெளியாகிறது. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் கூடி ஜெபிக்கும் ஆராதனையும் மொராவியர்களிடம் தொடங்கி, பிறகு மெதடிஸ்டுகள் வழியாகப் பரவியதே.

தரங்கம்பாடித் தொடர்பு

ஸின்ஸென்டார்ஃப் பள்ளிப் பருவத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தார். தரங்கம்பாடி மிஷனெரிகளை அனுப்பிவைத்த ஊர் அது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, இடையில் விடுப்பில் ஐரோப்பா சென்றபோது ஹாலேக்கும் போனார். அவர் வாயால் தமிழகத்துச் செய்திகளைக் கேட்ட மாணவர்களில் ஸின்ஸென்டார்ஃபும் ஒருவர். பிற்பாடு 1760-இல் மொராவியர்களே தரங்கம்பாடி அருகே வந்து குடியேறி, 1803 வரை தங்கியிருந்தார்கள்.

காகிதம் போதாமல் சிறுத்த எழுத்து

தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15-இல் தரங்கம்பாடியில் அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள்.

முதல் தமிழ் அச்சுநூலே ஜெப நூல்

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. அண்டிரிக் பாதிரியார் தந்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கங்கள். தினமும் சொல்ல வேண்டிய ஜெபங்களும் விசுவாசப் பாடங்களும் கொண்ட சின்னஞ்சிறு கைநூல். தமிழ் எழுத்து அச்சேறிய கதையில் அன்றாட ஜெபத்துக்கு முன்வரிசை இடம் உண்டு.

நாளைக்கு எடுத்துவைக்க முடியாத உணவு

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இருந்த இஸ்ரவேலருக்குத் தினமும் காலையில் மன்னா கிடைத்தது. அளவு, தலைக்கு ஒரு ஓமர். இன்றைய கணக்கில் சுமார் 2 லிட்டர். மறுநாளைக்கு என்று பதுக்கியவர்களின் மன்னாவில் புழு வைத்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் இரண்டு பங்கு சேர்க்கலாம். அது கெடவில்லை. உலகெங்கும் தினதியான நூல்களின் பெயரில் மன்னா திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த அதிகாரமே காரணம்: அன்றைக்கு வேண்டியது அன்றைக்கு.

ஒரு நாளைக்கு மூன்று முறை

ஆதித் திருச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் 'டிடாகே' என்ற சிறு நூல், பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. புதன், வெள்ளி உபவாசத்தையும் குறிப்பிடுகிறது. பல நூற்றாண்டுகளாகக் கைக்குக் கிடைக்காமல் போன இந்நூலின் முழுப் பிரதியைப் பிரையெனியோஸ் என்ற கிரேக்கப் பேராயர் 1873-இல் கான்ஸ்டான்டினோபிள் நூலகம் ஒன்றில் கண்டெடுத்தார். அந்தப் பிரதி 1056-இல் எழுதப்பட்டது.

எண் இல்லாத வேதம்

'யோவான் 3:16' என்றால் இன்று எல்லோருக்கும் விளங்கும். ஆனால் வேதத்தை எழுதியவர்கள் அதிகாரமும் பிரிக்கவில்லை, வசன எண்ணும் போடவில்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகக் கருதப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை, ராபர்ட் எஸ்டியன் என்ற அச்சக உரிமையாளர் 1551-இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் சேர்த்தார். பாரிஸிலிருந்து லியோனுக்குக் குதிரையில் போன பயணத்தின்போது அப்பா இந்த வேலையைச் செய்தார் என்று அவருடைய மகன் எழுதிவைத்தார். சில இடங்களில் வசனம் ஏன் பாதியில் வெட்டுகிறது என்பதற்கு, குதிரை குலுங்கியதுதான் காரணம் என்று கேலி செய்பவர்களும் உண்டு.

வாரத்துக்கு 150, மாதத்துக்கு 150

6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், 150 சங்கீதங்களையும் ஒரே வாரத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்றார். நம் முன்னோர்கள் ஒரே நாளில் சொன்னதை நாம் வாரத்திலாவது சொல்ல வேண்டாமா என்பது அவர் வாதம். வயல்வேலையும் கடைவேலையும் பார்க்கிற குடும்பஸ்தருக்கு அது ஆகிற காரியமா? 1549-இல் வந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் தாமஸ் கிரான்மர் அதை 30 நாளுக்குப் பரப்பி, காலைப் பங்கு, மாலைப் பங்கு என்று பிரித்தார். 31-ஆம் தேதி வந்தால் 30-ஆம் நாள் பங்கையே மறுபடி வாசிக்கலாம்.

பாத்திரம் கழுவிய ஞானி

நிக்கோலா ஹெர்மன் போரில் காயம்பட்ட சிப்பாய். 1640-இல் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது அடுக்களை வேலை. பல ஆண்டுகள் சமைத்தார், பாத்திரம் தேய்த்தார். பிறகு சகோதரர்களின் செருப்புகளைத் தைத்தார். ஜெபவேளை வேறு, வேலைநேரம் வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அடுப்படிச் சந்தடியிலும் ஆண்டவர் சமுகத்தில் இருக்க முடியும் என்று கண்டுகொண்டார். 'சகோதரர் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த அவர் 1691-இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் மற்றவர்கள் தொகுத்த சிறு நூலே இன்று அவரை நமக்குக் காட்டுகிறது.

கும்மியிலும் கப்பல் பாட்டிலும்

பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), வேதக் கதைகளை ஜனங்களுக்குப் பழக்கமான பாட்டு வடிவங்களில் ஏற்றினார். 'பெத்லகேம் குறவஞ்சி' அவருடையது. நோவாவின் பேழைக் கதையைக் கப்பல் பாட்டாகப் பாடியதும் அவர்தான். புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் வேதம் பாட்டாகப் போய்ச் சேர்ந்தது.

ஒரு பிடி அரிசி

மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள். சேர்ந்த அரிசியைச் சபையார் வந்து வாங்கிப்போய் விற்று, அந்தப் பணத்தை ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். 'பூஃபாய் தாம்' எனப்படும் இந்த வழக்கம் 1910-இல் தொடங்கியது. கையில் காசில்லாத ஏழைக் குடும்பமும் வேளாவேளைக்குக் காணிக்கை கொடுக்க இதில் வழி இருந்தது.

'கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா?'

ஹாம்பர்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விகெர்னிடம் பிள்ளைகள் தினமும் கேட்ட கேள்வி இது. 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாள்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தார். தினம் ஒன்றாக ஏற்றி, நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தார். இன்று ஆலயங்களில் நான்கு மெழுகுவர்த்தியோடு காணும் திருவருகைக்கால வளையத்தின் தொடக்கம் அந்தச் சக்கரம்தான்.

கணவர் பேச, மனைவி எழுத

உலகில் மிக அதிகமாக வாசிக்கப்படும் தினதியான நூல்களில் ஒன்று, ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் பெயரில் 1927-இல் வந்தது. ஆனால் அவர் 1917 நவம்பரிலேயே, தம் 43-ஆம் வயதில், கெய்ரோவில் இறந்துவிட்டார். அவருடைய செய்திகள் ஒவ்வொன்றையும் சுருக்கெழுத்தில் குறித்துவைத்திருந்தவர் மனைவி கெர்ட்ரூட். சிறுமியாக இருந்த மகளை வளர்த்துக்கொண்டே, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்துக் காலம் தள்ளிக்கொண்டே, அந்தக் குறிப்பேடுகளிலிருந்து நாளுக்கொரு பக்கமாகத் தொகுத்தார். முன்னுரையின் அடியில் தம் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டார்.

1925-இல் வந்து பெரும் புகழ்பெற்ற 'ஸ்ட்ரீம்ஸ் இன் தி டெசர்ட்' நூலுக்குப் பின்னாலும் ஒரு மனைவி இருக்கிறார். ஜப்பானில் மிஷனெரியாக இருந்து நோயில் விழுந்த கணவரைப் பல ஆண்டுகள் பராமரித்த லெட்டி கௌமன் தொகுத்தது. கணவர் 1924-இல் இறந்தார்.

டோனாவூரின் படுக்கையிலிருந்து

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்த எமி கார்மைக்கேல், 1931-இல் ஒரு பள்ளத்தில் விழுந்து காலொடிந்தார். அதன்பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். டோனாவூர்க் குடும்பத்தாருக்கு அங்கிருந்து சிறுசிறு தியானக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, நாளுக்கொன்றாக அடுக்கிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1955-இல் வெளிவந்தது.

தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் டென் பூம் குடும்பத்தின் கைக்கடிகாரக் கடை இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்குத் தந்தை காஸ்பர், வீட்டாரையும் வேலையாள்களையும் உட்காரவைத்து ஓர் அதிகாரம் வாசிப்பார். யூதர்களை ஒளித்துவைத்ததற்காக 1944 பிப்ரவரி 28 அன்று குடும்பமே கைதானது. 84 வயதான காஸ்பர் பத்தே நாளில் இறந்தார். மகள்கள் பெட்ஸியும் கோரியும் ராவென்ஸ்ப்ருக் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒளித்துக் கொண்டுபோன வேதத்தை இரவுகளில் மற்றப் பெண்களோடு சேர்ந்து வாசித்தார்கள்.

அவர்கள் இருந்த கொட்டகை முழுக்கத் தெள்ளுப்பூச்சி. எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லும் 1 தெசலோனிக்கேயர் பகுதியை வாசித்திருந்த பெட்ஸி, தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி சொன்னார். கோரிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. காவலர்கள் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்காமல் இருந்ததே அந்தப் பூச்சிகளுக்குப் பயந்துதான் என்பது பிறகே தெரிந்தது. பெட்ஸி அந்த டிசம்பரில் முகாமிலேயே இறந்தார். கோரி உயிரோடு வெளியே வந்து உலகெங்கும் இதைச் சொன்னார்.

குளிர்காலத்துக்கு முன்

1939 ஜூனில் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார். நண்பர்கள் அவரைப் போர் அபாயத்திலிருந்து காப்பாற்றத்தான் அங்கே வரவழைத்திருந்தார்கள். ஆனால் மனம் ஒட்டவில்லை. அந்நாள்களில் ஒருநாள், மாரிகாலத்துக்கு முன்னமே வரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வசனத்தை வாசித்தார். அது தமக்கே சொன்னது போல் இருந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறிவிட்டார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். சிறையிலும் அவர் கையில் இருந்தது ஹெர்ன்ஹூட்டின் அதே தினவசன நூல்.

திட்டம் போட்டவரே எச்சரித்தார்

வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தின் டன்டீ நகர இளம் போதகர் ராபர்ட் மக்செயின் 1842-இல் இன்னொரு அட்டவணை தந்தார். தினம் நான்கு பகுதிகள்: இரண்டு குடும்பமாக, இரண்டு தனியாக. ஆண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும்.

இதிலுள்ள விசேஷம், அட்டவணையின் நன்மைகளைச் சொல்லும் முன் அதன் ஆபத்துகளை அவர் பட்டியலிட்டதுதான். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம். முடித்துவிட்டோம் என்ற சுயநீதி தலைக்கேறலாம். கவனமற்ற வாசிப்பாகலாம். சிலருக்குச் சுமையாகவும் ஆகலாம். அடுத்த ஆண்டே, 29 வயதில், அவர் இறந்தார். அந்த அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்.

வாசகர்களே எழுதும் தியானம்

1935-இல் அமெரிக்க மெதடிஸ்டுகள் தொடங்கிய 'தி அப்பர் ரூம்' இதழில் தியானங்களை எழுதுவது பெரும்பாலும் சாதாரண வாசகர்களே. ஆசிரியை, செவிலி, ஓய்வுபெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் தம் அனுபவத்தை அனுப்பலாம்.

வரிசையில் நின்றபோது வந்த யோசனை

கோடிக்கணக்கான கைபேசிகளில் இருக்கும் 'யூவெர்ஷன்' வேதாகமச் செயலி, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு சபை தந்தது. சிகாகோ விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது அந்தச் சபையின் பாபி க்ரூனவால்டுக்கு இந்த யோசனை வந்தது. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்த அன்றே இதுவும் இடம்பெற்றது.

இன்று என்ன தேதி?

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். அதனால் தேதிக்கு ஓர் அதிகாரம் என்று வாசிக்கும் எளிய வழக்கம் பல நாடுகளில் உண்டு. கடன், அண்டை அயலார், பிள்ளை வளர்ப்பு, நாவடக்கம் என்று எல்லாம் அன்றாட விஷயங்கள். அட்டவணை வேண்டாம், அடையாள நாடாவும் வேண்டாம். இடையில் நான்கு நாள் விட்டுப்போனால் நான்கையும் சேர்த்து வாசித்து மூச்சுத் திணற வேண்டியதில்லை. காலண்டரைப் பாருங்கள். 17 என்றால் 17-ஆம் அதிகாரம். விட்டதெல்லாம் அடுத்த மாதம் அதே தேதியில் தானாக வந்து சேரும்.