பேராலயங்களைக் கால வரிசையில் பார்ப்போம்

ஐரோப்பியப் பேராலயங்களுக்காக ஒரு மாதம் ஒதுக்கத் துணிபவர்கள் முதலில் வரைபடத்தை விரித்துப் புள்ளி வைக்கிறார்கள். கொலோன், செவில்லா, மிலான், கான்டர்பரி என்று நாட்டுக்கு ஒன்று. திண்டுக்கல் பேகம்பூருக்கு வருகிறவர் பெரிய பள்ளிவாசலைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால், ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறை அங்கிருப்பதும், ஊரின் பெயரிலுள்ள பேகம் அவர்தான் என்பதும் தெரியாமலே திரும்புவார். புள்ளிப் பயணமும் அப்படித்தான் முடியும். பேராலயங்களை ஒரே வட்டாரத்தில், கட்டப்பட்ட வரிசையில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மாமல்லபுரம், காஞ்சி கைலாசநாதர், தஞ்சை என்று போகிறவருக்குத்தான் விமானம் வளர்ந்த கதை பிடிபடுகிறது.

அந்த வசதி பாரிஸைச் சுற்றி இருக்கிறது. நகரின் வடக்கு விளிம்பில், மெட்ரோ போகும் தொலைவில், செயின்ட் டெனிஸ். கோதிக் பாணி உருவெடுத்த அதன் கிழக்குப் பகுதி 1144-இல் அர்ப்பணிக்கப்பட்டது. (பழமை வேறு, பட்டம் வேறு. அது ஆயரின் இருக்கையானது 1966-இல்தான். நம் திண்டுக்கல் புனித வளனார் ஆலயமும் 2003-இல் மறைமாவட்டம் பிறந்தபோதுதான் பேராலயமானது.) அடுத்தது ஷார்த்ர: 1194-இல் தீக்கிரையாகி, உடனே எழுப்பப்பட்டது. கூரை வளைவின் உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். 1220-இல் தொடங்கிய அமியானில் அது 42. போவேயில் 48, அந்தப் பேராசை 1284-இல் இடிந்து விழுந்தது. தூக்கி நிறுத்தினார்கள். 1569-இல் 153 மீட்டர் கோபுரத்தையும் ஏற்றினார்கள். நான்கே ஆண்டில் அதுவும் சரிந்தது. மக்கள் கூடும் நடுக்கூடம் இன்றுவரை கட்டப்படவே இல்லை. ராஜேந்திர சோழன் தன் கோயில் விமானத்தைத் தந்தையின் தஞ்சை விமானத்தைவிடத் தாழ்வாக நிறுத்திக்கொண்டது நினைவுக்கு வந்தால் தவறில்லை.

‘எல்லாம் ஒரே மாதிரிக் கல்தானே’ என்பவர்களுக்கு 37, 42, 48 என்ற மூன்று எண்களே பதில். ‘அவ்வளவு செலவழித்துப் போய் ஒரே நாடா’ என்ற கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இந்த ஊர்கள் பாரிஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள்; ஷார்த்ர, திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம்தான். தடங்கள் பாரிஸிலிருந்தே விரிவதால் ஒரே அறையில் தங்கிக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். அறை மாறும் செலவு இல்லை. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்குப் பின் பிரான்சின் பழைய பேராலயங்கள் பெரும்பாலும் அரசின் உடைமை. உள்ளே போகப் பொதுவாகக் கட்டணம் கிடையாது, கோபுரம் ஏற டிக்கெட் உண்டு. ஷெங்கன் விசாவையும் அதிக நாள் தங்கும் நாட்டிடமே கேட்க வேண்டும் என்பதால் ஒரே நாடென்றால் காகித வேலை குறைவு. கான்டர்பரிக்கோ தனி பிரிட்டிஷ் விசா வேண்டும், உள்ளே நுழையவும் கட்டணம் உண்டு.

கொலோனை விட்டுவிடுவதா என்பது நியாயமான ஆதங்கம். விட வேண்டாம், கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 1248-இல் தொடங்கி, நடுவே மூன்று நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 1880-இல் முடிந்த அந்தக் கட்டடம் அமியானைப் பார்த்து வரைந்தது. பாரிஸிலிருந்து நேரடி ரயில் உண்டு, விசாவும் அதேதான். அமியானில் ஒரு முழு நாள் நின்றவருக்குக் கொலோனின் உள்கூடம் அறிமுகமான முகமாக இருக்கும்.