சூரிய மின்சாரம்: கொடுத்தால் மட்டும் போதுமா?



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதியை நம் தாமிரபரணிக் கரை மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அன்று காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். ஏரல் பாலம் சேதமடைந்தது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன்களும் ஊமையாயின.

அப்படிப்பட்ட ஓர் இரவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிரசவ வலியோடு ஒரு தாய் வந்திருக்கிறாள். மூச்சுத் திணறலோடு ஒரு முதியவர் படுத்திருக்கிறார். குளிர்பெட்டியில் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. ஜெனரேட்டர் உண்டு, ஆனால் டீசல் தீர்ந்தால், சாலை துண்டிக்கப்பட்ட நேரத்தில் புதிய டீசல் எப்படி வரும்?

இத்தகைய பேரிடருக்குப் பிறகு, "நம் சபையின் சார்பில் ஓர் ஆஸ்பத்திரிக்கு சோலார் பேனல் வாங்கிக் கொடுக்கலாமே" என்ற எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பு. நல்ல எண்ணம்தான். ஆனால் பேனலை வாங்கிக் கூரையில் மாட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி என்ன என்பதை விளக்கவே இக்கட்டுரை.

வெயில் எவ்வாறு மின்சாரமாகிறது?

நம் பகுதிக்கு வெயிலையும் காற்றையும் கொண்டு பிழைப்பது புதிதல்ல. ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரை உப்பாக்குவது இவ்விரண்டும்தானே. தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986ஆம் ஆண்டிலேயே காற்றாலைகள் நிறுவப்பட்டன. சோலார் பேனல் அந்த வரிசையில் இன்னொன்று.

பேனலில் உள்ள சிலிக்கான் தகடுகளின்மேல் ஒளி படும்போது அவற்றில் மின்சாரம் உண்டாகிறது. மின்சாரம் தருவது ஒளியே அன்றி வெப்பம் அல்ல. சொல்லப்போனால், பேனல் அதிகமாகச் சூடேறினால் உற்பத்தி சற்றுக் குறையும். இந்த நேர்மின்சாரத்தை நம் விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்றதாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர்.

1 கிலோவாட் பேனல்களுக்கு நிழல் விழாத மாடியில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் அவை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். பேனல்கள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சுமார் 10 டிகிரி சாய்வு போதும். மழைநீர் தேங்காமல் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடவும் அந்தச் சாய்வு உதவுகிறது.

பலரும் அறியாத ஒரு செய்தி

கூரையில் சோலார் பேனல் இருந்தால் மின்வெட்டு நேரத்திலும் விளக்கு எரியும் என்றே பலர் நினைக்கிறார்கள். எல்லா இடங்களிலும் அது உண்மையல்ல.

மின்வாரியக் கம்பியோடு இணைந்து, பேட்டரி இல்லாமல் இயங்கும் அமைப்பு ஒரு வகை. பகலில் உண்டாகும் மின்சாரத்தில் நாம் பயன்படுத்தியது போக மீதி வெளியே செல்லும், மின்கட்டணம் குறையும். ஆனால் ஊரில் மின்சாரம் நின்றவுடன் இந்த அமைப்பும் தானாகவே நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஒரு விளக்குகூட எரியாது. இது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைக்கிறார். அந்நேரம் நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்தாகிவிடும் அல்லவா?

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ், 3 கிலோவாட் அமைக்கும் வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. அதன் வழியாக வீடுகளில் ஏறும் பேனல்களில் பெரும்பாலானவை இந்த வகையே. வீட்டுக்கு இது லாபம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இது மட்டும் போதாது.

மின்வெட்டிலும் இயங்க வேண்டுமானால் பேட்டரியும், ஊர்க் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்து இயங்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். 2023 டிசம்பரைப் போன்ற ஓர் இரவில் பிரசவ அறையில் விளக்கு எரியுமா, அணையுமா என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கும்.

ஒரு சிறிய கணக்கு

எவ்வளவு தேவை என்பதைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் 10, அவற்றுக்கு 90 வாட். மின்சாரம் குறைவாக எடுக்கும் புதிய வகை மின்விசிறிகள் 6. ஒன்றுக்கு 30 வாட் வீதம் 180 வாட். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் சிறிய கருவி ஒன்று. அதற்குச் சுமார் 350 வாட். ஆகமொத்தம் 620 வாட். இரவில் 10 மணி நேரம் இவை ஓடினால் 6.2 யூனிட் ஆகிறது.

சாதாரண 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே ஒன்றிலிருந்து 0.9 யூனிட் என்றே கணக்கிட வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் இந்தச் சிறு வார்டுக்கே 8 பேட்டரிகள் தேவைப்படுகின்றன. அவற்றைப் பகலில் நிரப்ப 2 கிலோவாட் பேனல்கள் வேண்டும்.

மழைநாளிலோ உற்பத்தி கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடலாம். எனவே எது அவசியம், எது காத்திருக்கலாம் என்று முன்கூட்டியே பிரித்து, அவசியமானவற்றுக்குத் தனி வயரிங் செய்யவேண்டும். ஏசி இயந்திரத்தையும் வாட்டர் ஹீட்டரையும் இதில் சேர்த்தால் நள்ளிரவுக்குள் எல்லாமே அணைந்துவிடும். தடுப்பு மருந்துக்கென்று பேட்டரியே தேவைப்படாத குளிர்பெட்டிகளும் இப்போது உண்டு. பகல் வெயிலில் உள்ளே பனிக்கட்டியை உறையவைத்து, அந்தக் குளிரைக் கொண்டே இரவிலும் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் காப்பவை அவை.

இன்னொன்று. பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தரைத்தளத்து மூலையில் வைப்பது வழக்கம். வெள்ளம் புகுந்தால் முதலில் மூழ்குவதும் அவைதாம். முந்தைய வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து, அதற்கு மேலே வைப்பதே புத்தி.

கடற்கரை ஊர்களுக்கு உரிய தொல்லை

காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பது அங்கு வாழ்வோருக்குத் தெரியும். அதே உப்புக்காற்று சோலார் அமைப்பையும் விடுவதில்லை. கண்ணாடியின்மேல் உப்புப் படலம் படிந்தால் ஒளி குறைகிறது. சாதாரண இரும்பு ஆணியும் நட்டும் துருப்பிடித்தால் பலத்த காற்றில் பேனலே பெயர்ந்துபோகலாம். வயர் இணைப்புகளில் பச்சை பூத்தால் அவை சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

எனவே தாங்கிகளுக்கு நல்ல துத்தநாகப் பூச்சு, துருப்பிடிக்காத எஃகு ஆணிகள், மூடிய இணைப்புப் பெட்டிகள், இடி தாங்கி, முறையான எர்த் ஆகியவை அவசியம். நல்ல தண்ணீரால், வெயிலுக்கு முன் அதிகாலையில், பேனலைக் கழுவ வேண்டும். விலைப்பட்டியலில் இவை சிறிய தொகைகளாகவே இருக்கும். மிகக் குறைந்த விலை சொல்பவர் முதலில் வெட்டுவதும் இவற்றைத்தான்.

திரும்பி வரும் மனிதர்

பேனல் 25 ஆண்டுகள் உழைக்கக்கூடியது. இன்வெர்ட்டருக்குச் சுமார் 10 ஆண்டுகள். ஈய பேட்டரிக்கு 5 ஆண்டுகள். அதுவும் அவ்வப்போது பேட்டரி தண்ணீர் ஊற்றினால்தான். ஊற்ற வேண்டியவர் யார் என்று எவரும் சொல்லாததாலேயே பல அமைப்புகள் இரண்டே ஆண்டில் நின்றுவிடுகின்றன. தளர்ந்த ஒரு வயரைத் திருக ஆளில்லாமல், லட்ச ரூபாய்ப் பொருள் கூரையில் கிடந்து காய்கிறது.

இந்தக் குறையை அறிந்து தொழில் நடத்தியவர்களில் ஹரீஷ் ஹண்டே குறிப்பிடத்தக்கவர். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இவர், மேற்படிப்பின்போது டொமினிக்கன் குடியரசில் ஏழை வீடுகளில் சோலார் விளக்கு எரிவதைக் கண்டார். பின்னர் இலங்கையின் கிராமங்களில் தங்கி, மக்கள் எதற்கு, எந்த நேரத்தில் விளக்கைத் தேடுகிறார்கள் என்று கவனித்தார். 1995ஆம் ஆண்டு கர்நாடகத்தில் 'செல்கோ' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழைகளால் சோலார் வாங்க முடியாது, வாங்கினாலும் பராமரிக்க முடியாது, சமூக நோக்கத்தோடு தொழில் நடத்த இயலாது என்ற மூன்று எண்ணங்களும் தவறு என்று காட்டுவதே அதன் குறிக்கோள்.

ஒரு தெருவோர வியாபாரிப் பெண், மாதம் 300 ரூபாய் கட்டுவது கஷ்டம், தினம் 10 ரூபாய் என்றால் முடியும் என்று தம்மிடம் கூறியதை ஹண்டே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கணக்கு ஒன்றுதான், ஆனால் அவர் வருமானம் வருவது தினம் தினம். இதைக் கேட்டறிந்து, கிராமிய வங்கிகளோடு பேசி, அவரவர் வருமானத்துக்கு ஏற்பத் தவணை அமைத்துக் கொடுத்தது செல்கோ. வாடிக்கையாளருக்கு அருகிலேயே கிளைகளை வைத்து, உள்ளூர் இளைஞர்களைப் பழக்கி, பொருத்திய பிறகும் திரும்பத் திரும்பச் சென்று பார்த்தது. 2011ஆம் ஆண்டு ஹண்டேவுக்கு ராமன் மகசேசே விருது கிடைத்தது. அதன் வழியில் வந்த செல்கோ அறக்கட்டளை, பல மாநிலங்களில் 25,000 அரசு சுகாதார நிலையங்களுக்கு சோலார் அமைக்கும் முயற்சியில் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு இதனால் உண்டாகும் பலன் என்ன? சத்தீஸ்கர் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. மின்சாரம் சரிவரக் கிடைக்காமல் சோலாரும் இல்லாத நிலையங்களோடு ஒப்பிட்டால், சோலார் உள்ள நிலையங்களுக்குப் புறநோயாளிகள் பாதிக்கு மேல் அதிகமாக வந்தார்கள். மாதந்தோறும் நடந்த பிரசவங்கள் ஏறக்குறைய இரு மடங்கு. விளக்கு எரியும் இடத்தை நம்பித் தாய்மார் வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நம்பத்தகுந்த மின்சாரம் இல்லாத அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவ நிலையங்களை நம்பி வாழ்வோர் உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேர்.

நல்ல நிறுவனத்தார் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடுவதில்லை. நர்சுகளையும் காவலாளியையும் அழைத்து, எந்த விளக்கு பச்சையாக இருக்க வேண்டும், சிவப்பானால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று காட்டுகிறார்கள். தினசரி அளவை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு விளக்குகிறார்கள். வெள்ள நேரத்தில் ஒரு செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற முடிந்தால், படகுக்காக அழைக்கலாம்; பிள்ளைகளுக்கு நலம் சொல்லலாம். அந்த அமைப்பால் தங்களுக்கும் பலன் உண்டு என்று அறிந்த ஊரார் அதைக் கல்லெறியிலிருந்தும் திருட்டிலிருந்தும் தாங்களே காப்பார்கள்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

உங்கள் சபை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தப் பள்ளிக்குக் கொடுத்தாலும், இந்த ஐந்து கேள்விகளை முதலில் கேளுங்கள்.

1. ஊரில் மின்சாரம் நின்றால் இது இயங்குமா? எந்தெந்த அறைகளில், எத்தனை மணி நேரம்?
2. பேட்டரியும் இன்வெர்ட்டரும் வெள்ளம் எட்டாத இடத்தில் இருக்கின்றனவா?
3. இதைத் தினமும் கவனிக்கப்போகிறவர் யார்? அவருக்குப் பயிற்சி உண்டா?
4. பொருத்தியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார்? அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா?
5. ஐந்து ஆண்டு கழித்துப் புதிய பேட்டரி வாங்க இப்போதே தனிக் கணக்கில் பணம் சேர்கிறதா?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இராது. புதிய பேனலுக்கு நன்கொடை கிடைக்கும். திறப்பு விழா நடக்கும். கொடுத்தவர் பெயர் பலகையில் ஏறும். பழைய பேட்டரியை மாற்றுவதற்கு விழாவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஆனால் அந்தப் பேட்டரிக்காகக் கொடுக்கப்படும் பணமே, ஒருவேளை, எல்லாவற்றிலும் பிரயோஜனமானது. பத்துப் பேனல் கொடுக்க எண்ணியிருந்தால் எட்டுக் கொடுங்கள். மீதிப் பணத்தைப் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள்.

அடுத்த பெருமழை எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும் இரவில் அந்தத் தாயின் கட்டிலுக்கு மேலே விளக்கு எரிய வேண்டும். கொடுத்த அன்று எரிந்தது போலவே, ஏழாம் ஆண்டிலும் எரிய வேண்டும்.