நிழல் கேட்கும் செடிகள் – 9: பெரணி எறியும் கவண்

வேப்பமர நிழலில் பாத்தி கட்டி, இலைமக்கும் மணலும் நிரப்பியாயிற்று. மறந்தவர்கள் போன இதழைத் தேடிக்கொள்ளுங்கள். எந்தப் பெரணியை நடுவது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், மனசு வேறிடத்தில் இருக்கிறது.

நர்சரியில் தொட்டித் தொட்டியாகத் தொங்கும் பாஸ்டன் பெரணிக்குச் செஞ்சியின் சித்திரைக் காற்று ஆகாது, நுனி கருகும். இரண்டு வேளையும் தண்ணீர் விடும் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். நான் சொல்வது, தானாக முளைப்பவற்றை. பழைய கிணற்றின் உள்சுவரிலும் காரை பெயர்ந்த மதிலிலும் ஒல்லி ஒல்லியான சிற்றிலைகளோடு நிற்கிறதே, அது டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும். பாத்தியில் பழைய காரைத்துண்டு கொஞ்சம் போடுங்கள். மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் குவித்துக்கொள்ளும் செடி இது என்று 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதனால் ஆலைக் கழிவு படிந்த மண்ணில் வளர்ந்திருந்தால் அதன் சருகை உரக்குழியில் போடாதீர்கள்.

இரண்டாவது மயில்சிகை. பாறை இடுக்கில் விரல் உயரத்தில் விசிறியாக நிற்கும். கோடையில் சுருண்டு பழுப்பாகிவிடும். செத்தது என்று பிடுங்கிவிடாதீர்கள், மழை விழுந்ததும் விரியும். இரண்டுக்குமே கோட்டைச் சுவரில் கைவைக்க வேண்டாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது நம்முடையது ஒன்றுதான். உங்கள் கிணற்றுச் சுவரே போதும்.

(கொல்லிமலையில் சூப் வைக்க விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் பெரணிதான், கிழங்கு என்பது அதன் ரோமம் படர்ந்த தண்டு. முட்டி வலிக்குக் கேட்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

இனி என் விஷயம். டெரிஸ் இலையைத் திருப்பினால் விளிம்பு நெடுகப் பழுப்புக் கோடு தெரியும். அது அத்தனையும் கண்ணுக்குப் புலப்படாத பைகள். ஒவ்வொரு பையின் முதுகிலும் பன்னிரண்டு, பதின்மூன்று செல்கள் வளையமாக வரிசைகட்டி நிற்கின்றன. காற்று உலரும்போது செல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிறது. மெல்லிய வெளிச்சுவர் உள்வாங்குகிறது, வளையம் பின்னோக்கி வளைகிறது, பை கிழிந்து வாய் திறக்கிறது. நீரின் இழுவிசை தாங்க முடியாத அளவை எட்டியதும் செல்களுக்குள் குமிழிகள் வெடிக்கின்றன. வளையம் சடாரென்று திரும்புகிறது. வித்துத்தூள் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில், பறக்கிறது!

என் வியப்பு அதோடு நிற்கவில்லை. கல்லெறியும் பொறி என்றால் கை பாதியில் நிற்க ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் கல் கையோடே போய்விடும். பெரணியில் சட்டம் ஏது? 2012-ல் பிரான்சின் நீஸ் நகரத்துச் சேவியர் நோப்லினும் கூட்டாளிகளும் ‘சயின்ஸ்’ இதழில் விடை சொன்னார்கள்: செல்சுவரின் நுண்துளைகளில் நீர் நகரத் தயங்குகிறது, அந்தத் தயக்கமே வளையத்தைப் பாதியில் நிறுத்துகிறது. செஞ்சியை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட சுல்பிகர் கானிடம் பீரங்கி இருந்தது, இந்த நுணுக்கம் இருந்திருக்காது. ஆனால் தூள் அத்தனை சிறியது என்பதால் காற்றே தடுத்துவிடுகிறது, சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. இலையை ஒட்டிய அசையாக் காற்றைத் தாண்டினால் போதும், மிச்சத்தைத் தென்றல் பார்த்துக்கொள்ளும்.

அந்தத் தூளைப் பிடித்துச் செங்கல்லில் விதைப்பது எப்படி என்பதற்கு இடமில்லை. அடுத்த வாரம் கட்டாயம். அதற்குள் பழைய செங்கல் ஒன்றைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, ஊறப்போட்டு வையுங்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றும் வேண்டும்.