மதுரைச் சமவெளி மாணவர்க்குத் தொல்மனிதர் கற்கருவிகளைக் கற்பித்தல்: சொல், கல், காலம்

ஆய்வுச்சுருக்கம்

தொல்மனிதரின் கற்கருவிகள் பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகவே மாணவரைச் சென்றடைகின்றன. கருவியின் பெயரும் காலத்தின் பெயரும் மனத்தில் பதிகின்றன; ஒரு கல் எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்னும் வினா எழுவதில்லை. மதுரைத் தல்லாகுளம் சார்ந்த மாணவர் அறிந்த சொல், கல், கட்டடம் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, கற்கருவியைச் சான்றாகப் படிக்கக் கற்பிக்கும் முறையினை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழங்கற்காலம், கைக்கோடரி, சில்லு, அத்திரம்பாக்கம், கீழடி, கலைச்சொல்

முன்னுரை

தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலின் வரலாற்றுப் பகுதியில் ‘மனிதர்களின் பரிணாம வளர்ச்சி’ என்னும் பாடம் இடம்பெற்றுள்ளது. அதனைத் தொடர்ந்து சிந்துவெளி நாகரிகமும், அடுத்துத் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்களும் வருகின்றன. மனிதத் தோற்றத்திலிருந்து மதுரை மாநகர் வரையிலான நெடும்பயணத்தை மாணவர் ஒரே பருவத்தில் கடந்துவிடுகின்றனர்.

மதுரை மாணவர்க்கு இவ்விரைவு ஒரு தனிச்சிக்கலை உண்டாக்குகிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் கீழடி உள்ளது. அங்குக் கண்டெடுத்த பானையோடுகளையும் செங்கற் கட்டுமானங்களையும் அவர்கள் நன்கறிவர். அதனால் ‘மிகப் பழமையானது’ என்றவுடன் கீழடி நினைவுக்கு வருவது இயல்பு. கைக்கோடரி செய்தவரும் கீழடியில் எழுத்துப் பொறித்தவரும் ஒரே ‘ஆதித் தமிழராக’ மாணவர் மனத்தில் இணைந்துவிடுகின்றனர். இம்மயக்கத்தைச் சொல், கல், காலம், மாந்தர் என்னும் நான்கு நிலைகளில் தெளிவிக்க இயலும்.

1. சொல்

‘கல்லாயுதம்’ என்னும் வழக்கு இன்றும் வகுப்பறைகளில் உண்டு. இச்சொல் போரையும் வேட்டையையும் மட்டுமே நினைவூட்டுகிறது. தோலைச் சுரண்டுதல், இறைச்சியை அறுத்தல், எலும்பை உடைத்தல், மரத்தைச் சீவுதல் முதலிய அன்றாடப் பணிகள் அதில் மறைந்துவிடுகின்றன. ‘கற்கருவி’ என்னும் சொல் இவையனைத்தையும் தழுவி நிற்பதால் அதுவே பொருத்தமுடையது.

‘கைக்கோடரி’ என்னும் கலைச்சொல்லும் விளக்கத்தை வேண்டி நிற்கிறது. கோடரி என்றதும் காம்பு பூட்டி மரம் வெட்டும் கருவியே மாணவர் கண்முன் தோன்றும். பழங்கற்காலக் கைக்கோடரிக்குக் காம்பு இல்லை. இருபுறமும் சில்லு பெயர்த்து விளிம்பு கூராக்கிய அக்கல், கையில் நேரே பற்றிப் பயன்படுத்தப்பட்டது. அது மரம் வெட்டுவதற்கென்றே அமைந்த கருவியும் அன்று.

‘சில்லு’ என்னும் சொல் மதுரைப் பகுதியில் இரட்டைப் பொருள் தருகிறது. பாண்டி ஆட்டத்தில் எறியும் ஓட்டுச்சில்லினை மாணவர் அறிவர். கீழடியிலும் பானையோட்டினை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கற்காலப் பாடத்தில் வரும் சில்லு இதனின் வேறானது. ஒரு கல்லை மற்றொரு கல்லால் தாக்கும்போது பெயர்ந்து விழும் கூரிய துண்டே அது. வேறுபாட்டினைத் தொடக்கத்திலேயே உணர்த்தாவிடின், இரு வேறு காலத்துப் பொருள்கள் ஒரே பெயரால் ஒன்றாகிவிடும்.

2. கல்

கல்லில் தொழில் செய்வதற்குத் தமிழில் நுட்பமான வினைச்சொற்கள் உள்ளன. பாடநூல் நடையில் இவையனைத்தும் ‘செதுக்குதல்’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. தேய்ந்து வழுவழுப்பான அம்மியை மீண்டும் சொரசொரப்பாக்க, உளியால் கொத்துவர். இதனைப் பொளிதல் என்பர். இங்குக் கல் பொடிப்பொடியாகவே உதிரும். கத்தியைக் கல்லில் தேய்த்துக் கூராக்குதல் தீட்டுதல் ஆகும். பழங்கற்கால மனிதர் முதன்மையாகக் கையாண்ட தொழில் இவ்விரண்டின் வேறான சில்லு பெயர்த்தல். புதிய கற்காலத்தவர் சில்லு பெயர்த்து உருவாக்கிய கல்லைப் பொளிந்தும் தேய்த்தும் வழுவழுப்பான கோடரியாக்கினர். அம்மியும் கத்தியும் அறிந்த மாணவர்க்கு இவ்விரு காலங்களின் தொழில்நுட்ப வேறுபாட்டினை விளக்க இம்மூன்று வினைச்சொற்களே போதும்.

சில்லு பெயர்த்தல் எல்லாக் கல்லிலும் எல்லா இடத்திலும் இயலாது. தாக்கும் பரப்பும் பக்கப் பரப்பும் கூடும் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அவ்விளிம்பின் உட்புறமாகத் தாக்கினால் விசை கல்லினுள் பரவிச் சில்லினைப் பெயர்க்கும். பெயர்ந்த சில்லில் தாக்கிய இடத்தையடுத்து ஒரு புடைப்பும், சில வேளைகளில் அதனைச் சூழ்ந்த அலைவரிகளும் காணப்படும். மூலக்கல்லில் அதற்கிணையான குழிவடு எஞ்சும். ஒழுங்குபட அமைந்த இத்தகைய வடுக்களே மனிதர் உடைத்த கல்லை, ஆற்றில் உருண்டு உடைந்த கல்லினின்று பிரித்தறிய உதவுகின்றன. சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் சீவிக் கைக்கோடரி செய்யும் வகுப்பறைச் செயல்பாடு வடிவத்தை மட்டுமே உணர்த்தும். சவர்க்காரத்தை விரும்பிய இடத்தில் சீவலாம்; கல்லோ கோணம் கருதி, அடுத்த சில்லு எங்குப் பெயரும் என முன்னறிந்து தாக்குபவருக்கே இணங்கும். தொல்மனிதரின் அறிவாற்றல் வெளிப்படுவது அம்முன்னறிவிலேயாம்.

இவ்விடத்தில், ‘யானைமலைக் கல்லில் கைக்கோடரி செய்யலாமா?’ என்னும் வினாவினை மாணவர் முன் வைக்கலாம். மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பெரிதும் பரல் பருத்த படிகப் பாறைகளால் ஆனவை. அம்மிக்கும் தூணுக்கும் உரிய இக்கல், சீரான சில்லுகளாகப் பெயர்வதில்லை. அத்திரம்பாக்கம் அமைந்துள்ள கொசஸ்தலையாற்றுப் பகுதியில் கிடைக்கும் குவார்ட்சைட் கூழாங்கற்கள் சீராகப் பெயர்பவை. தென்கோடித் தேரி மணற்பகுதிகளில் குவார்ட்சு, செர்ட் ஆகிய கற்களாலான நுண்கருவிகள் கிடைக்கின்றன. இவற்றைச் சாய்னர், ஆல்ச்சின் ஆகியோர் 1956இல் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழில் விரிவாக ஆராய்ந்தனர். ஒரு பகுதியின் கருவி மரபினை அங்குக் கிடைக்கும் கல்லும் வரையறுக்கிறது என்பதனை மாணவர் தம் ஊர்க் குன்றினைக் கொண்டே உணர இயலும்.

3. காலம்

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம் தமிழ் மண்ணில் நிகழ்ந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அங்கு நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன. கீழடுக்குக் கருவிகளின் காலம் சராசரியாக 15.1 இலட்சம் ஆண்டுகள் எனவும், குறைந்தது 10.7 இலட்சம் ஆண்டுகள் எனவும் அவ்வாய்வு கணித்தது. அங்கு இடைப் பழங்கற்காலக் கூறுகள் ஏறத்தாழ 3.85 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதாக 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இலட்சங்கள் எண்ணளவில் நின்றால் மனத்தில் பதியா. பள்ளித் தாழ்வாரத்தில் 15 மீட்டர் நீளக் கோடு வரைந்து, ஒரு மீட்டரை ஓர் இலட்சம் ஆண்டாகக் கொள்ளலாம். ஒரு முனை இன்றைய நாள். மறுமுனை அத்திரம்பாக்கத்தின் கீழடுக்கு. இடைப் பழங்கற்கால மாற்றம் இன்றைய முனையிலிருந்து 3.85 மீட்டரில் அமையும். கி.மு. 6ஆம் நூற்றாண்டினதாகக் கணிக்கப்பட்ட கீழடி அடுக்கு ஏறத்தாழ 2.6 செ.மீ. தொலைவில் நிற்கும். தல்லாகுளத்து மாணவர் நாள்தோறும் காணும் நாயக்கர் காலத் தமுக்கம் அரண்மனை 4 மில்லிமீட்டருக்குள் அடங்கும். அவ்வரண்மனையில் 1959இல் தொடங்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் ஒரு மில்லிமீட்டரும் எய்தாது. கீழடிக்கும் கைக்கோடரிக்கும் இடைப்பட்ட வெளியினை மாணவர் நடந்தே அறிவர். அவ்வெளியில் கைக்கோடரி மரபு பல மீட்டர் தொலைவிற்குத் தொடர்வதனை நோக்குங்கால், மாற்றம் அரிதாக நிகழ்ந்த ஒரு வாழ்க்கைமுறையும் புலனாகும்.

4. மாந்தர்

இக்கருவிகளைச் செய்தவர் யார் என்னும் வினாவே மிகுந்த கவனத்திற்குரியது. நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய புதைபடிவங்கள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை; அவற்றின் காலம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். தாழ்வாரக் கோட்டில் இது 3 மீட்டர். ஆகவே 15ஆம் மீட்டரில் நிற்கும் கருவியாளர் நம் இனத்தவர் அல்லர். அத்திரம்பாக்கத்தில் விலங்குகளின் பற்படிவங்கள் கிடைத்தனவேயன்றி மனித எலும்புகள் கிடைக்கவில்லை. இந்தியாவில் கிடைத்த தொல்மனித மண்டையோட்டுப் படிவம் 1982இல் அருண் சோனாக்கியா நருமதைப் பள்ளத்தாக்கின் ஹத்னோராவில் கண்டெடுத்ததாகும். அதுவும் எவ்வினத்திற்குரியது என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. எனவே கைக்கோடரியைத் தமிழர் கருவி என்றல் சான்றினைக் கடந்த கூற்றாகும்.

மதுரை மாணவர் கேட்டறிந்த மற்றொரு சான்று மரபணு சார்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்சும் மேற்கொண்ட ஆய்வில், உசிலம்பட்டிப் பகுதிச் சோதிமாணிக்கம் ஊரில் எம்130 என்னும் மரபுக் குறியீடு கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக நிகழ்ந்த பழைய இடப்பெயர்ச்சிக்குரிய தடயமாக அது கொள்ளப்படுகிறது. அக்குறியீடு தந்தைவழி மரபினை மட்டுமே காட்டும். அவ்வழி முன்னோர் அவ்வூரிலேயே வாழ்ந்தனர் என்பதற்கோ, எக்கருவியைக் கையாண்டனர் என்பதற்கோ அது சான்றாகாது. கல், எலும்பு, மரபணு ஆகிய மூன்றும் தனித்தனி வினாக்களுக்கு விடை தருபவை. ஒன்றன் விடையை மற்றொன்றன் மேல் ஏற்றாதிருக்கப் பழகுதலே இப்பாடத்தின் முதன்மைப் பயனாகும்.

முடிவுரை

கற்கருவி ஒரு செயலின் எச்சம். தாக்கியவர் எந்தக் கல்லைத் தேர்ந்தார், எங்குத் தாக்கினார், எவ்விளிம்பை நாடினார் என்பனவற்றை அதில் படிக்கலாம். அவர் பேசிய மொழியையோ இனப்பெயரையோ படிக்கவியலாது. இவ்வெல்லையை மாணவர்க்கு உணர்த்துவதால் அத்திரம்பாக்கத்தின் பெருமையோ கீழடியின் பெருமையோ குறையாது; ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நின்று விளங்கும். மேற்பரப்பில் கற்கருவியைக் காணும் மாணவர் அதனை எடுத்துவராமல், கிடைத்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்கு அறிவிக்கவும் இப்பயிற்சி வழிகாட்ட வேண்டும். கிடந்த மண்ணடுக்கினின்று பிரிந்த கல் தன் காலச் சான்றினை இழந்துவிடுகிறது. பொளிதல், தீட்டுதல், சில்லு பெயர்த்தல் முதலிய தொழிற்சொற்களைத் தொகுத்து வரையறுத்துப் பாடநூலாசிரியர்க்கு வழங்குதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.