மசாஜ் கட்டிலா, கூட்டுப் பிரார்த்தனையா? டச்சு மொழியின் நீளச் சொற்கள் செய்யும் குழப்பம்!

நாம் சொல்லும் 'கக்கூஸ்' எங்கிருந்து வந்தது தெரியுமா? டச்சு மொழியிலிருந்துதான்! 'கக்' என்றால் மலம், 'ஹைஸ்' என்றால் வீடு. நடுவில் இடைவெளி விடாமல் ஒட்டினால் 'கக்ஹைஸ்'. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் மொழி இப்படித்தான் சொற்களை உருவாக்குகிறது.

இந்த ஒட்டு வேலைக்கு எல்லையே கிடையாது. சிறுவர் கார்னிவல் ஊர்வலத்துக்கான முன்னேற்பாட்டு வேலைகள் என்பதை 49 எழுத்துகள் கொண்ட ஒரே சொல்லாக எழுதிவிடலாம். மொத்தம் 15 அசைகள். யாரும் தினமும் பேசுற சொல் இல்லைதான், ஆனா இலக்கணப்படி சரி.

இவ்வளவு நீளத்தை எப்படிப் படிப்பது? முதலில் சொற்கள் ஒட்டிய இடத்தில் வெட்ட வேண்டும். பிறகுதான் அசை பிரிப்பது. பெரும்பாலும் முதல் சொல்லில்தான் குரல் அழுத்தம் விழும். விதிவிலக்கும் உண்டு: நகர மன்றத்தைக் குறிக்கும் 'ஸ்டாட்ஹைஸ்' சொல்லில் அழுத்தம் கடைசியில்.

வெட்டு மாறினால்...

பள்ளியில் 'வேங்கை' என்ற சொல்லை 'வேகும் கை' என்றும் பிரித்துப் படித்தோமே, அதே கதைதான். M-க்கு எம், A-க்கு ஏ என்று எழுத்துக் கூட்டினால் 'எம்-ஏ-எஸ்-எஸ்-ஏ-ஜி-இ-பி-இ-டி'. பத்தே எழுத்து. ஏழாவது எழுத்துக்குப் பின் வெட்டினால் 'மசாஜ் கட்டில்'. அழுத்தம் இரண்டாவது அசையில். ஐந்தாவது எழுத்துக்குப் பின் வெட்டினால் 'கூட்டுப் பிரார்த்தனை'. அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். 'ஜி' எழுத்தின் ஒலியும் மாறி, தொண்டையிலிருந்து கரகரவென வரும்.

'டைக்ராம்ப்' இன்னும் மோசம். 'டைக்-ராம்ப்' என்றால் கடலணைப் பேரிடர். 'டை-க்ராம்ப்' என்றால் தொடைப் பிடிப்பு! இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான், அதனால காதும் உதவாது. 1953 பிப்ரவரி 1 அன்று அணைகள் உடைந்து 1,836 பேர் இறந்த நாடு அது. அங்கே முதல் அர்த்தம் வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை.

அழுத்தம் மாறினால்...

'ஃபோர்கோமன்' என்ற வினைச்சொல்லில் வெட்டும் இடம் ஒன்றுதான். 'ஃபோர்' என்பதை அழுத்தினால் 'ஏற்படுவது', 'கோ' என்பதை அழுத்தினால் 'தடுப்பது'. நோய் பற்றிப் பேசும்போது இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! முன்பின் வாக்கியங்கள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வரும் என்று தோன்றினால், அழுத்த வேண்டிய உயிரெழுத்தின் தலையில் சின்னச் சாய்கோடு போடுகிறார்கள். மசாஜ் கட்டில் மாதிரி சொற்களுக்கு நடுவில் இணைப்புக்கோடு போடவும் டச்சு எழுத்து விதிகள் அனுமதிக்கின்றன.