மாசியில் விதைப்போம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாசிப் பட்டத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். வெயில் ஏறத் தொடங்கியதும், "இனி என்ன விளையும்?" என்று தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். கோவைப் பகுதியில் அப்படிச் செய்யத் தேவையில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரமும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் இங்கே கோடையின் கடுமையைச் சற்றே தணிக்கின்றன.

மாசியில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கை, பாகல் ஆகியவற்றை விதைக்கலாம். வெண்டை விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஓர் அடி இடைவெளியில் ஊன்றினால், சுமார் 45 முதல் 50 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். முளைக்கீரை 25 நாட்களிலேயே தயாராகிவிடும். மே மாதம் கத்திரி வெயில் தொடங்குமுன் பல பறிப்புகள் கிடைத்துவிடும்.

நாங்கள் பட்ட அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பங்குனிக் கடைசியில் தக்காளி நாற்று நட்டோம். செடி செழித்தது, பூவும் நிறையப் பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. நோய் என்று எண்ணி மருந்து தெளித்தோம், பயனில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் உதிர்ந்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். குறை செடியில் இல்லை, நாம் நட்ட காலத்தில்தான் இருந்தது.

அடுத்தது தண்ணீர். குடிநீருக்காகக் குடத்துடன் காத்திருக்கும் தெருவில், செடிக்கு நீர் ஊற்றுவது சரியா என்ற கேள்வி நியாயமானதே. எனவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து விதைக்காமல், எவ்வளவு நீர் மிஞ்சுகிறது என்று பார்த்து விதைப்போம். அரிசி, காய்கறி கழுவிய நீரே சில செடிகளுக்குப் போதும். காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு இரண்டு அங்குல உயரத்திற்கு மூடாக்கு இட்டால், மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாது. சிறு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், அது மெல்லக் கசிந்து வேரைச் சேரும். நண்பகலில் வாடும் இலை மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுவோம்.

வெண்டை இலைகளின் நரம்புகள் மஞ்சளாகிவிட்டால், அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கி அகற்றுவோம், மற்றவை பிழைக்கும்.

தவக்காலமும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வருகிறது. புலால் தவிர்க்கும் நாளில் நம் தொட்டியில் விளைந்த வெண்டைக்காய் குழம்பாகட்டும். அதில் ஒரு கைப்பிடி, காய் வாங்க வழியில்லாத பக்கத்து வீட்டுக்கும் போகட்டும்.

இந்த மாசியில் இரண்டு தொட்டிகளோடு தொடங்குவோமா?