ஆலைக் கணினிகளின் தடம் யார் கையில்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை அமோனியா நெடி எழுப்பியது. கப்பலிலிருந்து உர ஆலைக்கு வாயுவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கசிவைக் கண்டறியும் நவீனக் கண்காணிப்பும் எச்சரிக்கை மணியும் கொண்ட புதிய குழாய் வேண்டும் என்று தமிழக அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு பின்னர் பரிந்துரைத்தது. கண்காணிப்பு என்றால் இன்று கணினி. ஆகவே அந்தக் கணினியை யார் கண்காணிப்பது என்ற கேள்வியும் எழுகிறது.

ஆலையை இயக்கும் கணினியில் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடுகின்றன. ஒன்று அழுத்தத்தை அளக்கிறது, ஒன்று வால்வை மூடுகிறது, ஒன்று அறிக்கை அனுப்புகிறது. இவற்றை ‘இழைகள்’ என்பர். தனித்தனியே ஒவ்வோர் இழையும் சரியாக இயங்கினாலும், கூட்டாக அவை சிக்கிக்கொள்ளலாம்.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு நேர்ந்தது அதுதான். அதன் கணினி அடிக்கடி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. எண்ணூர் விரைவுச் சாலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குறுகலான வாயிலில் ஒரு தள்ளுவண்டி. அதன் பின்னே ஆம்புலன்ஸ். தள்ளுவண்டி சாலையில் இறங்கினால்தான் ஆம்புலன்சுக்கு வழி; சாலையிலோ இடைவெளி விடாமல் கன்டெய்னர் லாரிகள். பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரியில் அதே கோளாறை வரவழைத்து, இழைகளின் தடப்பதிவைப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். ஆம்புலன்சுக்குரிய முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தள்ளுவண்டிக்கே தருவதுதான் தீர்வு. அதைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள். தடப்பதிவு வசதி இல்லையென்றால் ஊகத்தை நம்பித்தான் திருத்தியிருக்க வேண்டும்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான ‘ஜெனோடு’ இந்த வசதியை இயங்குதளத்தின் அடித்தளத்திலேயே வைத்திருக்கிறது. அதில் கோப்பு முறைமை, வலையமைப்பு, சாதன இயக்கிகள் எல்லாம் தனித்தனி அறைகளில் அடைபட்ட கூறுகள். ஒன்று விழுந்தாலும் அடுத்ததை நேரடியாகத் தொட முடியாது. நினைவகம், செயலி நேரம், தடமறிதல் போன்ற அடிப்படைச் சேவைகளை மட்டும் ‘கோர்’ எனும் சிறிய வேர்ப்பகுதி தருகிறது. தடமறியும் உரிமை வெளிப்படையாக வழங்கப்பட்ட கூறு மட்டுமே பிற இழைகளின் பட்டியலைக் காணலாம். எதைக் குறிக்க வேண்டும் என்ற சிறு நிரலைக் கண்காணிப்பவர் தருகிறார். கவனிக்கப்படும் இழை அதன்படி ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்பேட்டுக்கான நினைவகம் கண்காணிப்பவரின் கணக்கிலிருந்தே கழிகிறது. கண்காணிக்கும் செலவைக் கண்காணிப்பவரே ஏற்கும் இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. குறிப்பேடு இழையின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், கெட்டுப்போன கூறு அதில் பொய்யும் எழுதலாம். அந்த இழை எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு அதன் கைக்கு எட்டாமல் கோரிடம் இருக்கிறது. நாட்குறிப்பும் நடுநிலைக் கணக்கும் வேறு வேறு. விபத்துக்குப் பின் நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

பெரிய ஆலைகளின் புகைபோக்கி அளவுகள் கிண்டியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மையத்துக்கு இணையவழி வருகின்றன. அபாயகரமான வாயுக் குழாய்களை இயக்கும் கணினிகளின் தடப்பதிவுக்கும் அதுபோன்ற ஏற்பாடு வேண்டும். ஆலையால் திருத்த முடியாத ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும். பழைய கருவிகளை ஒரே நாளில் மாற்ற இயலாது. இனிப் போடப்படும் குழாய்களுக்கு உரிமம் வழங்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம்.